மறுமுனைச் சாட்சி

அலுவலக யந்திரங்களைப் பழுது பார்த்தே ஜீவனம் நடத்தியவன் என்ற முறையில் என்னிடம் இன்றும் ஒரு கேள்வி வந்துகொண்டிருக்கிறது. மேஜையின் மேல் இருக்கும் பழைய ஃபேக்ஸ் யந்திரத்தையே வைத்துக்கொள்ளலாமா, அல்லது மாதச் சந்தா கட்டி இணையத்தின் வழியே ஃபேக்ஸ் அனுப்பும் சேவையை எடுத்துக்கொள்ளலாமா என்பது அது. கேட்பவர்களில் ஹைதராபாதின் ஜீடிமெட்லாவில் மருந்துகளுக்கு மூலப்பொருள் தயாரிக்கிறவர்கள் உண்டு. மாதாப்பூரில் இரவு முழுவதும் விளக்கெரித்து அமெரிக்க வைத்தியர்களின் பில்களைப் பைசல் செய்யும் ஸ்தாபனத்தார் உண்டு. செகந்திராபாத் ராணிகஞ்ஜில் பம்பும் பைப்பும் விற்கும் சேட்டுகளும் உண்டு. மின்னஞ்சலும் வாட்ஸாப்பும் வந்த பிறகு இப்படி ஒரு கேள்வியா என்று இளைஞர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஒரே ஒரு காகிதத்தின் மேல் லட்சக்கணக்கான ரூபாய் வியாபாரமோ ஒரு நோயாளியின் சிகிச்சையோ தொங்கிக்கொண்டிருக்கும்போது, அந்தக் காகிதம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு யார் சாட்சி என்ற விசாரம் எழுந்துவிடுகிறது. அந்த விசாரம் எழும் இடங்களில்தான் ஃபேக்ஸ் இன்னமும் உயிரோடிருக்கிறது.

தஞ்சைப் பக்கத்தில் டைப்ரைட்டர் ரிப்பேர் கற்றுக்கொண்டு, ரயில்வே உத்தியோகத்தில் இருந்த மாமா ஒருவரின் ஆதரவில் செகந்திராபாத் வந்து சேர்ந்தவன் நான். வெள்ளைக்காரர்களின் பாளையம் இருந்த காலம் தொட்டே தமிழர்கள் குடியேறி வாழ்ந்த ஊர் அது. 1893 பிப்ரவரியில் விவேகாநந்தர் வந்து பிரசங்கம் செய்த மஹபூப் கல்லூரியை 1862-இல் தொடங்கி வைத்தவர் சோமசுந்தர முதலியார் என்றால் மற்றதை ஊகித்துக்கொள்ளலாம். ஆகையால் பாஷையினால் எனக்குப் பெரிய கஷ்டம் நேரவில்லை. சென்னை ராயலா கம்பெனியின் ஹால்டாவும், ரெமிங்டனும், கோத்ரெஜும் என் கைக்கு முதலில் வந்தவை. எண்பதுகளின் இறுதியில் அந்த டைப்ரைட்டர்களுக்குப் பக்கத்தில், டெலிபோனைப் பக்கவாட்டில் ஒட்டவைத்துக்கொண்டு, ஒரு சாம்பல் நிறப் பெட்டி வந்து உட்கார்ந்தது. அதைத் திறந்து பார்க்க அநேகருக்குத் துணிவு இல்லாதிருந்ததனால் எனக்குப் பிழைப்பு கிடைத்தது.

ஃபேக்ஸ் என்பது டெலிபோனுக்குப் பின் பிறந்த குழந்தை என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மை நேர்மாறானது. ஸ்காட்லாந்துக்காரரான அலெக்ஸாண்டர் பெயின் 1843-இல் இதன் மூலக் கருத்துக்கு உரிமைப் பத்திரம் பெற்றபோது டெலிபோன் என்ற வஸ்துவே உலகில் கிடையாது. இத்தாலியப் பாதிரியார் காஸெல்லியின் கருவி 1865-இல் பாரிஸுக்கும் லியோனுக்கும் இடையே தந்திக் கம்பியின் வழியாகக் கையெழுத்தையும் சித்திரத்தையும் அனுப்பியது. கிரஹாம் பெல் டெலிபோனுக்கு உரிமை பெற்றதோ 1876-இல். நம் நாட்டில் 'தி ஹிந்து' பத்திரிகை 1969 முதலே முழுப் பக்கங்களின் நகலை ஃபேக்ஸ் முறையில் வெளியூர் அச்சகத்துக்கு அனுப்பி அச்சிடத் தொடங்கிவிட்டது. ஆனாலும் ஃபேக்ஸ் சாதாரண வியாபாரியின் மேஜைக்கு வருவதற்கு 1980-ஆம் வருஷம் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருஷத்தில்தான் சர்வதேசத் தந்தி, டெலிபோன் ஆலோசனைக் குழு 'குரூப் 3' என்ற பொது விதியை வகுத்தது. அதற்கு முன் ஒரு கம்பெனியின் யந்திரம் இன்னொரு கம்பெனியின் யந்திரத்தோடு பேசும் என்பது நிச்சயமில்லை.

ஹைதராபாத் இந்த யந்திரத்தை அணைத்துக்கொண்டதற்கு விசேஷமான காரணங்கள் இருந்தன. பத்தர்கட்டியில் முத்து வியாபாரம் செய்கிறவர் உருதுவில் தம் கைப்படக் கடிதம் எழுதுவார். அதைத் தந்தியாகவோ டெலக்ஸாகவோ மாற்ற வேண்டுமானால் இங்கிலீஷ் தெரிந்த குமாஸ்தா ஒருவனுடைய தயவு வேண்டும். அந்தக் குமாஸ்தாவின் இங்கிலீஷோ ஆண்டவனுக்கே வெளிச்சம். ஃபேக்ஸ் யந்திரத்துக்கு பாஷை பேதம் இல்லை. வலமிருந்து இடமாக எழுதினால் என்ன, தெலுங்கில் கணக்கெழுதினால் என்ன, கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக எல்லாம் போய்ச் சேர்ந்துவிடும். ஜப்பானியர்கள் தங்கள் சித்திர எழுத்துக்காக இதைக் கொண்டாடிய காரணமும், சார்மினார் பக்கத்து வியாபாரி கொண்டாடிய காரணமும் ஒன்றேதான்.

இரண்டாவது காரணம் வளைகுடா. இந்த ஊரில் ஒவ்வொரு மொஹல்லாவிலும் பிள்ளைகள் துபாய்க்கும் ஸௌதிக்கும் போயிருந்த காலம் அது. துபாயில் வேலை கொடுப்பவர் விசாவின் நகலை ஃபேக்ஸில் அனுப்புவார். அசல் அங்கே விமான நிலையத்தில் காத்திருக்கும். இங்கே அந்த நகலைக் காட்டித்தான் பிள்ளை விமானம் ஏற முடியும். நாம்பள்ளியிலும் மஸப் டாங்கிலும் இருந்த எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத்துகளின் வாசலில், கட்டணம் குறையும் இரவு வேளையில், பர்தா அணிந்த தாய்மார்கள் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். ஒரு பக்கத்துக்கு இன்ன விலை என்று பூத்துக்காரர் கணக்குப் பண்ணி வாங்குவார். அப்படிப்பட்ட இரவில் யந்திரத்தில் காகிதம் சிக்கிக்கொண்டால், எந்த நேரமானாலும் என் வீட்டுக் கதவு தட்டப்படும். நானும் போவேன். கூலியைப் பற்றி அந்த நேரத்தில் பேசினதில்லை. பேசாமலிருந்தால் அதிகமாகவே கொடுப்பார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது காரணம் மருந்து. ஐ.டி.பி.எல். தொழிற்சாலை பாலாநகருக்கு வந்த பிறகு, அங்கே தொழில் கற்றவர்கள் வெளியே வந்து சொந்தமாகத் தொழிற்சாலை தொடங்க, ஜீடிமெட்லா, பாலாநகர் வட்டாரமே மருந்து மூலப்பொருள்களின் சந்தையாகிவிட்டது. வெளிநாட்டு வாடிக்கையாளர் சரக்கை ஏற்றச் சொல்லுமுன் அதன் பரிசோதனைச் சான்றிதழைப் பார்க்க வேண்டும் என்பார். அதில் தூய்மை இத்தனை சதவீதம், ஈரப்பதம் இத்தனை சதவீதம் என்று தசமப் புள்ளியோடு எண்கள் இருக்கும். ஒரு ஸ்தாபனத்தில் இதனால் பெரிய குழப்பம் நேர்ந்தது. அவர்கள் அனுப்பிய 99.8 என்ற எண்ணை மறுமுனையில் 99.3 என்று வாசித்துவிட்டு, விளக்கம் கேட்டுக் கேள்விமேல் கேள்வியாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். யந்திரம் கெட்டுவிட்டது என்று என்னைக் கூப்பிட்டார்கள். யந்திரத்தில் குற்றம் ஒன்றும் இல்லை. சாதாரண நிலையில் ஃபேக்ஸ் குறுக்கே ஒவ்வொரு வரிக்கும் 1,728 புள்ளிகளை எடுத்தாலும், மேலிருந்து கீழாக ஒரு அங்குலத்துக்கு 98 வரிகள்தான் எடுக்கும். 'ஃபைன்' என்ற பொத்தானை அழுத்தினால் அது 196 ஆகும். பொடி எழுத்தில் இருக்கும் எட்டையும் மூன்றையும் பிரித்துக் காட்டுவது அந்தப் பொத்தானே. நேரம் இரட்டிப்பாகிறது, டெலிபோன் பில் ஏறுகிறது என்று யாரோ ஒரு கணக்கர் அதை அழுத்தக் கூடாதென்று உத்தரவு போட்டிருந்தார். பில்லில் மிச்சம் பிடித்தது எவ்வளவு, சரக்குத் துறைமுகத்தில் தங்கினதால் போனது எவ்வளவு என்று அவரே பிறகு கூட்டிப் பார்த்திருப்பார்.

இந்தத் தொழிலில் எனக்கு ஸ்க்ரூடிரைவரைவிட அதிகமாகப் பயன்பட்டது காதுதான். நம்பரைச் சுழற்றியதும் அனுப்பும் யந்திரம் மூன்று விநாடிக்கு ஒருமுறை மெல்லியதாக ஒரு விசில் கொடுக்கும். மறுமுனை எடுத்தவுடன் அதைவிட உச்சமான ஸ்தாயியில் நீண்ட ஒலி ஒன்று பதிலாக வரும். அதன் பிறகு, தன்னால் எந்த வேகத்தில் வாங்க முடியும், எந்த அளவுக் காகிதம் தன்னிடம் இருக்கிறது என்று அது சொல்ல, இது ஒரு வேகத்தைத் தேர்ந்து சற்று நேரம் ஒத்திகை பார்க்க, ஒத்திகை சரியானால்தான் படம் புறப்படும். இரண்டு வித்வான்கள் கச்சேரிக்கு முன் சுருதி சேர்த்துக்கொள்வது போன்ற அந்தச் சடங்கைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நோய் இன்னதென்று தெரிந்துவிடும். ஒத்திகை ஒருமுறை நடந்து, மீண்டும் நடந்து, மூன்றாம் முறையும் நடந்தால், விநாடிக்கு 9,600 பிட் என்ற வேகத்தில் தொடங்கியது 7,200-க்கும் 4,800-க்கும் இறங்கிக்கொண்டிருக்கிறது, ஆகவே கோளாறு பெட்டியில் இல்லை, கம்பியில் இருக்கிறது என்று அர்த்தம். மழைக்காலத்தில் கேபிள் குழிகளில் தண்ணீர் புகுந்துவிட்டால் நகரத்தின் பாதி யந்திரங்கள் இப்படித்தான் திக்கித் திக்கிப் பேசும். இடி விழுந்த மறுநாள் பேச்சே இருக்காது. மோடம் போர்டு கருகியிருக்கும்.

படம் போய் முடிந்ததும் கடைசியாக ஒரு சிறு சப்தம் வரும். பக்கத்தை வாங்கிக்கொண்டேன் என்று மறுமுனை யந்திரம் கொடுக்கும் ஒப்புதல் அது. அந்த ஒப்புதல் வந்தால்தான் இந்தப் பக்கத்து ரிப்போர்ட்டில் 'ஓகே' என்று அச்சாகும். தபாலில் போட்ட கடிதத்துக்கு இந்தச் சாட்சி இல்லை; ரெஜிஸ்டர் தபாலுக்கு இருந்தது, ஆனால் அது பல நாள் கழித்து வந்தது; சாதாரண மின்னஞ்சலிலும் அனுப்பினது நமக்குத் தெரியுமேயன்றி, சேர்ந்தது தெரியாது. அந்த ஒரு துண்டு ரிப்போர்ட்டுக்காகத்தான் கம்பெனிகளும் வக்கீல்களும் வங்கிகளும் ஃபேக்ஸை நம்பினார்கள். ஃபேக்ஸில் வரும் உத்தரவின்படி பணத்தை மாற்றுவதற்கு வங்கிகள் வாடிக்கையாளரிடம் 'இண்டெம்னிட்டி' என்று ஒரு பொறுப்புப் பத்திரம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டன. நம்பினார்கள் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை.

நம்பக்கூடாது என்பதற்கு நானே சாட்சி. ராணிகஞ்ஜ் சேட் ஒருவர், "ஓகே என்று வந்திருக்கிறது, அவனோ வரவே இல்லை என்கிறான். பொய் சொல்கிறானா?" என்று கேட்டார்.

"பொய் சொல்ல வேண்டியதில்லை, சேட்ஜி. அவருடைய யந்திரத்தில் காகிதம் தீர்ந்திருந்தால், அது பக்கத்தை ஞாபகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு ஓகே சொல்லிவிடும். பிறகு கரண்ட் போனால் ஞாபகமும் போகும்" என்றேன்.

அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் இந்த ரிப்போர்ட்டை வைத்து நான் வழக்காட முடியாதா?" என்றார். வழக்காடலாம், ஜெயிப்பது வேறு விஷயம். ஏனென்றால் அந்த ரிப்போர்ட்டின் தலைப்பில் இருக்கும் தேதி, நேரம், அனுப்பியவர் எண் ஆகிய மூன்றும் யந்திரத்தின் சொந்தக்காரர் தம் கையால் பதிந்தவை. என்ன வேண்டுமானாலும் பதியலாம். இந்த ஊரின் மின்வெட்டுக் காலங்களில், உள்ளே இருக்கும் சிறு பாட்டரி செத்துப்போன யந்திரங்கள் வருஷக்கணக்காக ஜனவரி 1-ஆம் தேதியிலேயே நின்று கடிதம் அனுப்பிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கடிகாரத்தைச் சரிசெய்வதை யாரும் ரிப்பேர் என்று கருதுவதில்லை. எனக்கோ அதுதான் முதல் ரிப்பேர்.

காகிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் தலைமுறை யந்திரங்களில் மை கிடையாது. உஷ்ணம் பட்டால் கறுக்கும்படி ரசாயனம் பூசிய ரோலில், மில்லிமீட்டருக்கு எட்டுப் புள்ளியாகச் சூடேறும் ஹெட் எழுதிக்கொண்டு போகும். உஷ்ணத்தால் வந்த எழுத்து உஷ்ணத்தாலேயே போகும். ஹைதராபாதின் ஏப்ரல், மே மாதங்களில், தகரக் கூரையின் கீழ் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்த ஃபேக்ஸ்கள், ஆடிட்டர் வந்து கேட்கும்போது வெள்ளைக் காகிதமாக வெளிவந்தன. வந்தவுடன் ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸையும் அசலையும் சேர்த்துப் பின் குத்தி வைக்க வேண்டும் என்பது அக்காலத்துப் பால பாடம். இதற்குப் பரிகாரமாகச் சாதாரணக் காகிதத்தில் அச்சிடும் ஃபிலிம் யந்திரங்கள் வந்தன. பானஸோனிக்கின் அந்த மாடல்கள் இங்கே ஏராளமாக விற்றன. அவற்றில் வேறொரு ஆபத்து ஒளிந்திருந்தது. கறுப்பு மை பூசிய மெல்லிய ஃபிலிம் உருளையிலிருந்து எழுத்து காகிதத்துக்குப் போய்விட, எழுத்து இருந்த இடம் ஃபிலிமில் வெளுப்பாக நின்றுவிடும். தீர்ந்துபோன உருளையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், வந்த கடிதங்களையெல்லாம் வரிசையாகப் படிக்கலாம். விலைப் புள்ளிகளை இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்த முதலாளிகள், அந்த உருளைகளைக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். நான் ஒவ்வோர் இடத்திலும் சொல்லிப் பார்த்தேன். சிலர் கிழித்தார்கள், பலர் சிரித்தார்கள்.

பிறகு காலம் மாறியது. 2000 அக்டோபரில் டெலிபோன் இலாகாவிலிருந்து பி.எஸ்.என்.எல். பிறந்தது. 2003-இல் ஆந்திர அரசாங்கம் டெண்டர்களை மின்கொள்முதலுக்குக் கொண்டுபோயிற்று. டெண்டர் விவரம் கேட்டு ஃபேக்ஸ் அடிக்கும் கூட்டம் அதோடு மெலிந்தது. ஸ்கேனரும் மின்னஞ்சலும் எஞ்சியதை எடுத்துக்கொண்டன. என் கூட்டாளிகள் பலர் பார்க் லேனில் சேனாய் டிரேட் சென்டருக்குப் போய்க் கம்ப்யூட்டர் பிரிண்டர் ரிப்பேரில் இறங்கிவிட்டார்கள். நான் இரண்டையும் பார்த்துக்கொண்டேன்.

யந்திரத்துக்கு மெய்யான ஆபத்து மின்னஞ்சலிலிருந்து வரவில்லை, கம்பியிலிருந்து வந்தது. செப்புக் கம்பியை எடுத்துவிட்டுக் கண்ணாடி இழையைப் போடுகிறார்கள். அதே எண், அதே டெலிபோன், குரலும் முன்னைவிடத் தெளிவு. ஆனால் ஃபேக்ஸ் பாதியில் அறுந்துவிடுகிறது. காரணம் எளிது. புதிய முறையில் குரல் சிறு சிறு பொட்டலங்களாக நறுக்கப்பட்டு இணையத்தின் வழியே போகிறது, ஒரு பொட்டலம் தவறினாலும், சற்று முன்பின்னாக வந்தாலும், மனிதக் காது மன்னித்துவிடும், மோடம் மன்னிக்காது. இதற்கென்றே டி.38 என்ற விதியை 1998-இல் வகுத்திருக்கிறார்கள். அது வழி முழுவதும் இருந்தால் நலம். நடுவில் ஓர் இடத்தில் இல்லாவிட்டாலும் பிரயோஜனம் குறைந்துவிடும். இப்படிப்பட்ட லைன் உள்ளவர்களுக்கு, புதிய யந்திரங்களின் அதிக வேகத்தை 9,600-க்குக் குறைத்து வைக்கும்படி சொல்லிப் பல இடங்களில் பலன் கண்டிருக்கிறேன். அதுவும் சரிப்படாவிட்டால் புது யந்திரம் வாங்குவது வீண்செலவு. விற்பவர் இதைச் சொல்ல மாட்டார்.

இனி இணைய ஃபேக்ஸ். அதைப் பற்றி நான் கற்றுக்கொண்டது மாதாப்பூர்ப் பக்கத்து மெடிகல் பில்லிங் ஆபீஸ் ஒன்றில். அமெரிக்காவில் வைத்தியர் எழுதினாலும் பல மருந்துகளுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி முன்கூட்டி அநுமதி தர வேண்டும். அந்த விண்ணப்பமும், மறுக்கப்பட்டால் மேல்முறையீடும், நோயாளியின் குறிப்புகளும் பல சமயங்களில் ஃபேக்ஸில்தான் போய் வருகின்றன. மனிதனைச் சந்திரனுக்கு அனுப்பிய தேசம் இதில் மாத்திரம் ஏன் இப்படி என்று கேட்டேன். அங்கே மேற்பார்வை பார்த்த கோயம்புத்தூர்ப் பெண், "ஒரு ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் இன்னொரு ஆஸ்பத்திரி சாஃப்ட்வேரோட பேசாது சார், ஃபேக்ஸ் எல்லாரோடையும் பேசும்" என்றாள். 1980-க்கு முன் யந்திரங்களுக்கு இருந்த அதே வியாதி இப்போது ஸாஃப்ட்வேருக்கு வந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது. அமெரிக்க அரசின் மெடிகேர் நிர்வாகத் தலைவராயிருந்த ஸீமா வர்மா, 2020-க்குள் வைத்தியர்களின் அலுவலகங்களிலிருந்து ஃபேக்ஸ் ஒழிய வேண்டும் என்று 2018 ஆகஸ்டில் அறைகூவல் விடுத்தார். 2020 வந்து போயிற்று. மாதாப்பூரில் அந்த இரவு வேலை நிற்கவில்லை.

அந்த ஆபீஸில் யந்திரமே கிடையாது. பி.டி.எஃப். கோப்பை அனுப்பும் சேவையில் ஏற்றி நம்பரைக் கொடுத்தால், அந்தச் சேவையின் கம்ப்யூட்டர் அதைப் பழையபடி கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக மாற்றி, அமெரிக்க மண்ணிலிருந்தே டெலிபோன் அழைப்புப் போட்டு, அதே விசிலும் ஒத்திகையும் நடத்தி, கடைசி ஒப்புதல் வந்ததும் மின்னஞ்சலில் தெரிவிக்கிறது. வருகிற ஃபேக்ஸும் பி.டி.எஃப். ஆக வந்து நிற்கிறது. காகிதம் தீர்வதில்லை, மறுமுனை எங்கேஜாக இருந்தால் அதுவே மறுபடி மறுபடி முயல்கிறது, நூறு பேர் ஒரே சமயத்தில் அனுப்பலாம், ஐ.எஸ்.டி. கட்டணம் இல்லை. செகந்திராபாதில் உட்கார்ந்து யந்திரத்தின் மூலம் அமெரிக்காவுக்கு நாற்பது பக்கம் அனுப்பிப் பார்த்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். பக்கக் கணக்குக்கு மேல் போனால் டாலரில் அதிகம் கேட்பார்கள் என்பது ஒன்றுதான் கவனிக்க வேண்டிய செலவு.

ஆனால் சாட்சி இங்கே இடம் மாறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். என் யந்திரத்தில் மறுமுனை எனக்கே நேரில் ஒப்புதல் கொடுத்தது. இங்கே மறுமுனை சேவைக் கம்பெனியிடம் ஒப்புதல் கொடுக்கிறது. கம்பெனி எனக்குச் சொல்கிறது. நடுவில் ஒருவர் நிற்கிறார். அவர் நாணயஸ்தராயிருந்தால் இது பழைய ஏற்பாட்டைவிட மேல். ஏனென்றால் அவருடைய கடிகாரத்தை நான் திருத்த முடியாது, ஆகவே என் எதிராளியும் அதை நம்புவான். ஆனால் அந்தப் பக்கத்தின் பிரதி ஒன்று அவரிடம் தங்கிவிடுகிறது. எவ்வளவு காலம், எந்த தேசத்தில், யார் கண்ணில் படும்படியாக என்பதை ஒப்பந்தத்தில் படித்தறிய வேண்டும். நோயாளிகளின் விவரங்களானால், 1996-இல் இயற்றப்பட்ட ஹிப்பா என்ற அமெரிக்கச் சட்டத்தின்கீழ் வைத்தியருக்குள்ள பொறுப்பில் தானும் பங்கேற்பதாக அந்தக் கம்பெனி கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். இலவசச் சேவைகள் பொதுவாகக் கையெழுத்திடுவதில்லை. இலவசம் என்ற ஒரே காரணத்துக்காக நோயாளியின் ரத்தப் பரிசோதனையை யாரோ முகம் தெரியாதவரிடம் கொடுத்தனுப்புவது அதர்மம் என்பது என் அபிப்ராயம்.

யந்திரமே பத்திரம் என்று சாதிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஃபிலிம் உருளையின் கதையைச் சொன்னேன். இப்போது விற்பவை பெரும்பாலும் பிரிண்டர், ஸ்கேனர், ஃபேக்ஸ் மூன்றும் சேர்ந்தவை. ஒரு புறம் டெலிபோன் கம்பியும் மறுபுறம் அலுவலக நெட்வொர்க்கும் அவற்றில் செருகப்பட்டிருக்கின்றன. செக் பாயிண்ட் என்ற பாதுகாப்பு ஆராய்ச்சிக் கம்பெனியார் 2018 ஆகஸ்டில், எச்.பி. ஆல்-இன்-ஒன் யந்திரம் ஒன்றுக்கு வெறும் ஃபேக்ஸ் ஒன்றை அனுப்பியே அதைத் தங்கள் வசப்படுத்தி, அதன் வழியாக உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போய்க் காட்டினார்கள், எச்.பி. அதற்குத் திருத்தம் வெளியிட்டது. அந்தத் திருத்தத்தைத் தம் யந்திரத்தில் போட்டுக்கொண்டவர் இந்த ஊரில் எத்தனை பேர் என்று எனக்குச் சந்தேகம். ஃபேக்ஸ் கம்பியை மாத்திரம் செருகி, நெட்வொர்க் கேபிளை உருவிவிடுவது எளிய பரிகாரம்.

ஃபேக்ஸையே ஒழிக்க முயன்ற அரசாங்கங்களும் உண்டு. இங்கிலாந்தில் அரசாங்க ஆஸ்பத்திரிகள் 2019 ஜனவரி முதல் புது ஃபேக்ஸ் யந்திரம் வாங்கக் கூடாது, 2020 மார்ச் 31-க்குள் உபயோகத்தையே நிறுத்த வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. ஜப்பானில் 2021-இல் மந்திரி கோனோ டாரோ அரசு அலுவலகங்களில் ஃபேக்ஸை நிறுத்தச் சொல்ல, ரகசியம் கெட்டுவிடும் என்று அலுவலகங்களே ஆக்ஷேபித்தன. இவ்விரண்டையும்விட நமக்குப் பாடமாக உள்ள ஸம்பவம் நம் நாட்டிலேயே நடந்தது. 2018 நவம்பர் 21 அன்று ஜம்மு காஷ்மீரில் ஆட்சியமைக்க உரிமை கோரி முன்னாள் முதல்வர் மெஹ்பூபா முஃப்தி ஆளுநர் மாளிகைக்கு ஃபேக்ஸ் அனுப்ப முயன்றார். அது சேரவில்லை என்று கடிதத்தை ட்விட்டரில் வெளியிட்டார். அன்று இரவே சட்டசபை கலைக்கப்பட்டது. அன்று மீலாதுன் நபி விடுமுறை, ஃபேக்ஸைப் பார்க்க ஆளில்லை என்று ஆளுநர் சத்ய பால் மலிக் பின்னர் சொன்னார். அதன் ராஜீய நியாய அநியாயங்களில் நான் புகவில்லை. ரிப்பேர்க்காரன் என்ற நிலையில் பார்த்தால், கவனிக்க ஆளில்லாத யந்திரம் மறுமுனையில் இருந்தால், இந்த முனையில் எவ்வளவு உயர்ந்த கருவி இருந்தும் பயனில்லை.

ஆகவே என்னிடம் கேட்பவர்களை நான் முதலில் கேட்பது, உங்களிடம் ஃபேக்ஸ் கேட்பவர் யார் என்பதே. ஒருவரும் கேட்காவிட்டால் இரண்டும் வேண்டாம். மின்னஞ்சலில் அனுப்பி, கிடைத்தது என்று ஒரு வரி பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வழக்குக்குப் போகக்கூடிய காகிதமானால் ஒப்புதல் அட்டையோடு தபாலில் அனுப்புவதையும் விடாதீர்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றம் ஏற்கச் சான்றிதழ் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2014-இல் சொன்னதும், 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டம் அதைத் தொடர்வதும் உங்கள் வக்கீலுக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்க வைத்தியர்களுக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கும் வேலை செய்கிறவர்கள் இணைய ஃபேக்ஸையே எடுக்க வேண்டும். யந்திரத்தோடு மல்லாடுவது அவர்களுக்கு வீண். ஹைதராபாதின் 040 எண்ணில் ஃபேக்ஸ் வாங்க வேண்டிய உள்ளூர் அலுவலகங்களுக்கு, நான் பார்த்த இணையச் சேவைகள் பெரும்பாலும் வெளிநாட்டு எண்களையே கொடுக்கின்றன. ஆகையால் அவர்களிடம் செப்புக் கம்பி இன்னும் இருக்குமானால் யந்திரம் இருக்கட்டும். கம்பி போனதும் யந்திரத்தையும் அனுப்பிவிடலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். யந்திரத்தை எடுத்துப் போட்டுவிட்ட பிறகும் லெட்டர்ஹெட்டிலும் விசிட்டிங் கார்டிலும் பழைய ஃபேக்ஸ் எண்ணை அச்சிட்டுக்கொண்டே இருக்கிறவர்களை இந்த ஊரில் தெருவுக்குத் தெரு பார்க்கிறேன். அந்த எண்ணை நம்பி யாரோ ஒருவர் இன்றைக்கும் நோட்டீஸோ ஆர்டரோ அனுப்பிக்கொண்டிருப்பார். அடுத்த முறை அச்சகத்துக்குக் கொடுக்கும்போது அந்த வரியைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.